வைஃபை ஃபுல்லாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை: கேள்வி பதில்

போன், டேப்லெட், லேப்டாப், இ-ரீடர் என்று கையில் எடுத்துப் போகும் கருவிகளை இணையத்தில் இணைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலரும் கேள்வியோடு சேர்த்து ‘ரீசெட் பண்ணிப் பார்த்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் ரீசெட் செய்தால், சேமித்த பாஸ்வேர்டுகள் போவதுதான் மிச்சம்.

கேள்வி: சார், போன்ல வைஃபை சிக்னல் ஃபுல்லா இருக்கு. ஆனா பெயருக்குக் கீழே ‘இணைய வசதி இல்லை’ன்னு காட்டுது. சிக்னல் இருந்தும் நெட் ஏன் வராது?

பதில்: அந்தக் கோடுகள் காட்டுவது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள ரேடியோ சிக்னலை மட்டும்தான். ரவுட்டரைத் தாண்டி என்ன நடக்கிறது என்பது அவற்றில் தெரியாது. முதலில் அதே வைஃபையில் இன்னொரு கருவியை இணைத்துப் பாருங்கள். அதிலும் நெட் வரவில்லை என்றால் உங்கள் போனை விட்டுவிடலாம். கோளாறு ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ இருக்கிறது.

மற்றதில் வருகிறது, இதில் மட்டும் வரவில்லை என்றால், வைஃபை பெயரைத் தொட்டு விவரப் பக்கத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கருவி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். வைஃபையை ‘மறந்துவிடு’ கொடுத்து மறுபடி இணையுங்கள். அப்படியும் அதே எண் வந்தால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் முகவரி கிடைத்துவிட்டது. அடுத்து பிரவுசரில் 1.1.1.1 என்று மட்டும் அடியுங்கள். அந்தப் பக்கம் திறந்து, பெயர் அடித்துப் போகும் தளங்கள் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் இடத்தில்.

அவரே மறுபடி: 192.168தான் இருக்கு. 1.1.1.1 திறக்குது, வேற எதுவும் திறக்கலை.

பதில்: நல்லது, இடம் தெரிந்துவிட்டது. ஆண்ட்ராய்டு 9 முதல் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒன்று உண்டு. விளம்பரங்களைத் தடுக்க எப்போதோ ஒரு பெயரை அதில் போட்டிருப்போம். அந்தச் சேவை நின்றுபோனால் போனில் எந்தத் தளமும் திறக்காது. அதை ‘தானியங்கு’ என்று மாற்றுங்கள்.

கேள்வி: பழைய டேப்லெட் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து சார்ஜ் போட்டேன். வைஃபை இணைகிறது. எந்தத் தளத்துக்குப் போனாலும் ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்கிறது. தொடர்க என்பதை அழுத்தலாமா?

பதில்: அழுத்தாதீர்கள். முதலில் தேதியைப் பாருங்கள். பேட்டரி அடியோடு இறங்கிக் கிடந்த கருவிகளில் தேதி பல வருடம் பின்னால், சிலவற்றில் 1970 வரைக்கும்கூடப் போயிருக்கும். ஒவ்வொரு தளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கருவியின் கணக்கில் அந்தத் தொடக்கத் தேதியே இன்னும் வரவில்லை. அதனால்தான் எல்லாத் தளத்தையும் சந்தேகப்படுகிறது. தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் கையால் சரிசெய்து, தானியங்கி நேரத்தையும் போட்டுவிடுங்கள்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால் காரணம் வேறு. நம்பத்தக்க சான்றிதழ் நிறுவனங்களின் பட்டியல் ஒன்று கருவிக்குள்ளேயே இருக்கிறது, பழைய கருவியில் அந்தப் பட்டியலும் பழையதாகவே நின்றுவிடும். எண்ணற்ற தளங்கள் பயன்படுத்தும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற சான்றிதழ் நிறுவனத்தின் சொந்த மூலச் சான்றிதழ் (அது தரும் மற்றச் சான்றிதழ்களுக்கு அடிப்படையானது) ஆண்ட்ராய்டு 7.1.1 முதல்தான் உள்ளே வருகிறது. அதற்கு முன்பு அந்நிறுவனம் சார்ந்திருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஃபயர்பாக்ஸ் பிரவுசர் இந்தப் பட்டியலைத் தானே சுமந்து வருவதால், உங்கள் டேப்லெட் ஏற்கும் பதிப்பு கிடைத்தால் படிப்பதற்கு உதவும். ஆனால் அப்டேட் நின்றுபோன கருவியில் வங்கிக் கணக்கையும் மெயிலையும் திறக்க வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: என் போனில் தெரிகிற வைஃபை பெயர் இ-ரீடரின் பட்டியலிலேயே இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்த்தும் வரவில்லை.

பதில்: சிக்னல் குறைவாக இருந்தால் பெயர் வந்து வந்து போகும். அடியோடு இல்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். பல இ-ரீடர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். உங்கள் வைஃபை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் 2.4-ஐயும் போடுங்கள். போன் ஹாட்ஸ்பாட் என்றால், ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸுக்குள்ளேயே அலைவரிசைத் தேர்வு இருக்கும். ஐபோன் 12-இலும் அதற்குப் பிந்தையவற்றிலும் ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யைப் போட வேண்டும்.

2.4 இருந்தும் தெரியவில்லையா? சேனலை, அதாவது அந்த அலைவரிசைக்குள் ரவுட்டர் பேசும் எண்ணிட்ட பாதையைப் பாருங்கள். சில கருவிகளுக்கு 11-ஆம் சேனல் வரைக்கும்தான் தெரியும். ரவுட்டர் 12 அல்லது 13-இல் இருந்தால் பெயர் வராது. 1, 6, 11 மூன்றில் ஒன்றை வையுங்கள். இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை என்பதால் வேகத்துக்கும் நல்லது.

கேள்வி: லேப்டாப்புக்குப் போனிலிருந்து நெட் எடுக்க ஹாட்ஸ்பாட், யுஎஸ்பி, ப்ளூடூத் மூன்றில் எது நல்லது?

பதில்: யுஎஸ்பி. அறுபடாது, போனும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். போன் செட்டிங்ஸில் ‘யுஎஸ்பி டெதரிங்’ (கேபிள் வழியாக நெட் பகிர்வது) மங்கலாகவே இருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜுக்கு மட்டும் வரும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது. இரண்டு கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் பலரும் போனைத்தான் குறை சொல்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனை மேக்கில் யுஎஸ்பி வழியாக இணைத்தால் பல மாடல்களில் வேலை செய்யாது, அங்கே ஹாட்ஸ்பாட்தான். ப்ளூடூத் மெயில் பார்க்கப் போதும், வீடியோவுக்குப் போதாது.

கேள்வி: ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் ஒரு மெயில் அனுப்புவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடுகிறது!

பதில்: லேப்டாப்புக்கு அது வீட்டு வைஃபையா, போன் டேட்டாவா என்று வேறுபாடு தெரியாது. வைஃபை கிடைத்தது என்று அப்டேட்டையும் படங்களின் பேக்கப்பையும் தொடங்கிவிடும். விண்டோஸில் அந்த வைஃபையின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் ‘மீட்டர்டு கனெக்ஷன்’ (இது அளவான டேட்டா என்று லேப்டாப்புக்குச் சொல்வது) போடுங்கள். மேக், ஐபேடில் ‘லோ டேட்டா மோடு’. ஒவ்வொரு வைஃபைக்கும் தனித்தனியாக நினைவில் இருக்கும், ஒருமுறை செய்தால் போதும்.

கேள்வி: பொது இடத்து வைஃபையில் இணைந்தால் லாகின் பக்கம் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: விபிஎன் (உங்கள் இணைப்பைப் பூட்டி வேறு சர்வர் வழியாக அனுப்பும் வசதி), பிரைவேட் டிஎன்எஸ் இரண்டையும் சற்று நேரம் அணையுங்கள், லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலையை இவை தடுக்கும். பிறகும் வராவிட்டால் விவரப் பக்கத்தில் ‘கேட்வே’ என்றிருக்கும் எண்ணை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். லாகின் ஆனதும் விபிஎன்னை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: என் பழைய நின்டெண்டோ டிஎஸ்ஸை வைஃபையில் இணைக்க ரவுட்டரை டபிள்யூஇபிக்கு மாற்றச் சொல்கிறார்கள். செய்யலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். முதல் டிஎஸ்ஸுக்கு டபிள்யூஇபி என்ற பழைய வைஃபை பூட்டு மட்டும்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பூட்டை உடைக்கும் வழி 2001-இலேயே வெளிவந்துவிட்டது. ஒரு விளையாட்டுக் கருவிக்காக வீட்டிலுள்ள அத்தனை கருவிகளையும் திறந்து போட்டதாகும். டிஎஸ்ஸின் அதிகாரப்பூர்வ ஆன்லைன் சேவையும் 2014 மே 20-இல் மூடப்பட்டுவிட்டது.

கேள்வி: சிம்மைப் புதுப் போனுக்கு மாற்றினேன். பேச முடிகிறது, டேட்டா வரவில்லை.

பதில்: ஏபிஎன்னை, அதாவது சிம் நிறுவனத்தின் டேட்டாவுக்குள் போகும் வாசலின் பெயரைப் பாருங்கள். பேசுவதற்கும் டேட்டாவுக்கும் அமைப்பு வேறு வேறு. மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் ‘ஆக்ஸஸ் பாயின்ட் நேம்ஸ்’ திறந்து, ‘ஏபிஎன்’ பெட்டி காலியாகவோ பழைய நிறுவனத்தின் பெயரோடோ இருந்தால், உங்கள் சிம் நிறுவனம் தரும் பெயரை எழுத்துப் பிசகாமல் போட்டு சேமியுங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுங்கள். டேட்டா வந்து, ஹாட்ஸ்பாட்டில் மட்டும் நெட் போகவில்லை என்றால், அதே பக்கத்தில் ‘ஏபிஎன் டைப்’ பெட்டியில் இருப்பதோடு ஒரு காற்புள்ளி வைத்து ‘டன்’ (டி-யூ-என்) சேர்த்துப் பாருங்கள்.