சர்க்கரையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

ஐயா, நீட் கைகொடுக்காததால் மகள் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி (உயிர்வேதியியல்)தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "இரத்த வகையே சர்க்கரைதான், அதைப் படிக்கணும்" என்கிறாள் என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள்.

அவள் சொல்வது சரிதான். சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை ஒட்டினால் அது 'எச்'. அதோடு என்-அசிட்டைல் கேலக்டோசமைன் என்ற இன்னொரு சர்க்கரை சேர்ந்தால் ஏ வகை, கேலக்டோஸ் என்ற சர்க்கரை சேர்ந்தால் பி. எதுவும் சேராவிட்டால் ஓ. அந்த ஒரு சர்க்கரை மாறிய இரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. 1952-ல் டாக்டர் பெண்டே குழுவினர் பதிவு செய்த 'பம்பாய் வகை'யில் அந்த ஃபியூகோஸே கிடையாது. மேலோட்டமான சோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஆனால் இந்த வகையினருக்கு ஓ இரத்தமும் சேராது, எச்-க்கே எதிரான ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கும். அவர்களுடைய சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில்) ஓ அணுக்களைக் கலந்தால் திரிதிரியாகத் திரண்டுவிடும். அப்போதுதான் குட்டு வெளிப்படும். அப்புறம், ஏ-வின் உட்பிரிவான ஏ1 வகையைப் பிரித்தறிய இரத்த வங்கியில் பயன்படும் லெக்டின், அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதம், எதிலிருந்து வருகிறது தெரியுமா? கொள்ளு! அதிலுள்ள அந்தப் புரதம் ஏ வகைச் சர்க்கரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மகளிடம் சொல்லுங்கள், குஷியாகிவிடுவாள்.

சரி, வேலைக்கு வருவோம். பயோகெமிஸ்ட்ரி இளங்கலையோடு நிறுத்தினால் சம்பளம் சுமார்தான். எம்.எஸ்சி. கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி., பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம்.எஸ்சி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பு என்று வழி இருக்கிறது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். பாதை நீளம்தான், மறைக்கவில்லை.

நாலைந்து வருடத்தில் சம்பளம் வந்தாக வேண்டிய வீடு என்றால் பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்) பாருங்கள். இரத்த வங்கி டெக்னீஷியன் வேலைக்கு அந்த மாதிரிப் படிப்பைத்தான் கேட்பார்கள். ஆனால் அங்கே சோதனை செய்வதுதான் வேலை. ஏன் இப்படி என்று தோண்ட நேரம் இருக்காது. உங்கள் மகள் தோண்டுகிற ரகம்.

ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவில்லை: பிளஸ் டூ வேதியியல் மதிப்பெண். கரிம வேதியியலைக் கண்டு ஓடுகிறவளாக இருந்தால் இந்தச் சர்க்கரை சீக்கிரமே கசந்துவிடும். அதைக் கேட்டு எழுதுங்கள். அதுவரை இரண்டு படிப்புக்குமே விண்ணப்பம் போட்டு வையுங்கள்.