பரிசு என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்கிறார்கள்

கேள்வி: நான் கோவையில் வசிக்கிறேன். இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படாத ‘ஸ்டீம் டெக்’ என்னும் கையடக்க விளையாட்டுக் கணினி ஒன்றை, சொந்த உபயோகத்துக்காக, 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் 549 டாலருக்கு வாங்கினேன். ரசீது என் பெயரில் உள்ளது. ஒரேகான் மாநிலத்தில் நமக்கென ஒரு முகவரி தந்து, அங்கு வரும் பொருளை இந்தியாவுக்கு அனுப்பும் பார்சல் ஃபார்வர்டிங் நிறுவனம் ஒன்றின் மூலம் வரவழைத்தேன். அவர்கள் மதிப்பை 120 டாலர் என்றும், ‘பரிசு’ என்றும் குறித்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன் வந்த மின்னஞ்சலில் இதைப் பார்த்தும், வரி குறையுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சென்னை விமான நிலையச் சுங்கத்தில் பார்சலை நிறுத்திவைத்து ரசீது கேட்கிறார்கள். உறவினர் அனுப்பிய பரிசு என்று கடிதத்தில் கையெழுத்திட்டால் போதும் என்கிறார் இங்குள்ள கூரியர் முகவர். தவறு ஃபார்வர்டிங் நிறுவனத்துடையதுதானே?

பதில்: அந்தக் கடிதத்தில் தாங்கள் கையெழுத்திடக் கூடாது. முகவர் இன்னொரு முறை தொலைபேசியில் அழைப்பதற்குள் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

தவறு யாருடையது என்ற தங்கள் கேள்விக்குச் சட்டம் தரும் விடை தங்களுக்கு உவப்பாக இராது. 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 2(26)ஆம் பிரிவில் ‘இறக்குமதியாளர்’ என்ற சொல்லுக்குள் பொருளின் உரிமையாளரையும் பயனடையும் உரிமையாளரையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ரசீதும் தங்கள் பெயரில், கே.ஒய்.சி. ஆவணங்களும் தங்கள் பெயரில் என்றான பிறகு, ஒரேகானில் பெட்டியைக் கை மாற்றி அனுப்பிய நிறுவனம் சுங்க அதிகாரியின் பார்வையில் வெறும் சரக்கு அனுப்புநர் மட்டுமே. மதிப்பைக் குறைத்துக் காட்டிய பொருளை 111(எம்) பிரிவின் கீழ்ப் பறிமுதல் செய்வதற்கு உரிமையாளரின் உள்நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அறிவிப்புக்கும் பொருளுக்கும் பொருத்தம் இல்லை என்பதே போதுமானது.

ஆனால் பொருளுக்கு நேர்வதும் தங்களுக்கு நேர்வதும் வேறு வேறு. இன்றைய நிலையில் 112ஆம் பிரிவின்படி தங்கள்மீது விதிக்கக்கூடிய தண்டம், தவிர்க்க முயன்ற சுங்கத் தீர்வையில் பத்து சதவீதம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேற்படாது. தங்கள் கணக்கில் தவிர்க்கப்பட்ட தீர்வை, அதாவது 549 டாலருக்கும் 120 டாலருக்கும் உரிய தீர்வைகளின் வித்தியாசம், ஏறத்தாழ 28,000 ரூபாய் என்பதால், உச்சவரம்பு 5,000 ரூபாயில் நின்றுவிடும். பொய் என்று தெரிந்தே ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டுச் சுங்கத்தில் தாக்கல் செய்பவருக்கோ 114ஏஏ பிரிவு, பொருளின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. மின்னஞ்சலைப் பார்த்தும் மௌனமாக இருந்தது தவறுதான். எனினும் அந்த மௌனத்தைத் தங்கள் கையெழுத்தாக மாற்றிக்கொடுக்கும் காரியத்தைத்தான் முகவர் உதவி என்று சொல்கிறார்.

‘பரிசு’ என்ற சொல்லால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது என்பது இதில் வேடிக்கை. பரிசுப் பொருளுக்கான பழைய விலக்கே 5,000 ரூபாய் மதிப்பு வரைதான். பொய்யாகக் குறித்த 120 டாலரும் அதைத் தாண்டுகிறது. அதோடு, அஞ்சல் அல்லது கூரியர் வழி வரும் பொருளைப் பரிசு எனக் காட்டிச் சலுகையில் விடுவிக்கக் கோருவதை, உயிர் காக்கும் மருந்துகளும் ராக்கியும் நீங்கலாக, அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் 2019 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டது. முழுத் தீர்வை செலுத்தினால் மட்டுமே பரிசுக்கு இடமுண்டு. தடை செய்யப்படாத பொருளைப் பறிமுதல் செய்யும்போது, அதற்குப் பதிலாக அபராதம் செலுத்தி மீட்டுக்கொள்ளும் வாய்ப்பை அதிகாரி 125ஆம் பிரிவின்படி அளித்தே ஆக வேண்டும். தடை செய்யப்பட்ட பொருள் என்றால் அந்த வாய்ப்பைக் கொடுப்பதும் மறுப்பதும் அவர் விருப்பம். பரிசு என்று எழுதிக்கொடுத்துப் பொருளைத் தடைக்குள் தள்ளி, இருக்கிற அந்த மீட்பு உரிமையைத் தாங்களே இழக்க வேண்டாம்.

ஆகவே, உண்மையான ரசீது, வங்கி அட்டைக் கணக்கு விவரம், ஃபார்வர்டிங் நிறுவனத்தின் கட்டணச் சீட்டு ஆகியவற்றை இணைத்து, பொருள் தாங்கள் விலை கொடுத்து வாங்கியது, பரிசன்று, சொந்த உபயோகத்துக்கானது என்று குறிப்பிட்டு, பில் ஆஃப் என்ட்ரி என்னும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை 149ஆம் பிரிவின் கீழ்த் திருத்த அனுமதி கோரி மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். காரணம் கேட்கும் அறிவிப்பு வருமுன் தாமாக முன்வந்து சொன்னவரை அதிகாரிகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள் என்பது என் அனுபவம். இறக்கிய 30 நாளுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, அறிவிப்பு கொடுத்து விற்க 48ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதுவரை டெமரேஜ் என்னும் கிடங்குத் தாமதக் கட்டணமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு செலுத்த நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 549 டாலரோடு விமானக் கட்டணம் 45 டாலர் என்று கொண்டு, காப்பீட்டுக்கு 1.125 சதவீதத்தைச் சேர்த்தால் 600 டாலர். டாலருக்கு 84 ரூபாய் வீதம் 50,400 ரூபாய். தங்கள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான 2024 ஆகஸ்ட்டில், சுங்கத் தீர்வைப் பட்டியலில் சொந்த உபயோகப் பொருள்களுக்கான 9804ஆம் தலைப்பில் அடிப்படைத் தீர்வை 35 சதவீதம், அதன்மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, மொத்தத்தின்மேல் 28 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) என எல்லாம் சேர்ந்து 77.28 சதவீதம். அதாவது 38,949 ரூபாய். ‘இது கணினிதானே, கணினிக்குரிய குறைந்த தீர்வையைக் கேட்கலாமே’ என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். வேறு தலைப்பில் இன்னும் குறிப்பாக வகைப்படுத்தப்பட்டிருந்தாலும் நிபந்தனை பொருந்தும் பொருளுக்கு அந்த 9804 அடங்கிய 98ஆம் அத்தியாயமே பொருந்தும் என அதன் முதல் குறிப்பு சொல்வதால், அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மடிக்கணினி போன்றவற்றின் இறக்குமதிக்கு உரிமம் கேட்கும் கட்டுப்பாட்டைப் பற்றியும் அஞ்ச வேண்டாம்: 2023 ஆகஸ்ட் 3 அன்று வந்த அறிவிப்பே, இணையத்தில் வாங்கிக் கூரியரில் வரும் ஒரே ஒரு கருவிக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது.

மதிப்பீட்டில் தங்களுக்கு உடன்பாடு இல்லையெனில், ஏற்பதாக எழுதிக்கொடுக்காமல், 17(5) பிரிவின்படி காரணங்களோடு கூடிய ஆணையை 15 நாளுக்குள் கேட்டுப் பெறுங்கள். இப்போது கட்டிவிட்டுப் பிறகு ரீஃபண்ட் கேட்கலாம் என்ற எண்ணம் செல்லாது. மதிப்பீட்டு ஆணையை மேல்முறையீட்டில் மாற்றாமல் பணத்தைத் திரும்பக் கோர முடியாது என ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டது. மேல்முறையீடுகளுக்கான சுங்க ஆணையரிடம் முறையிட ஆணை கிடைத்த நாளிலிருந்து 60 நாள் அவகாசம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள்.

ஃபார்வர்டிங் நிறுவனத்தின்மீது நுகர்வோர் வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தாங்கள் வசிக்கும் கோவை மாவட்ட ஆணையத்திலேயே, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றி, இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். ஆனால் பொய் மதிப்பைக் கண்டும் வரி குறையட்டும் என்று விட்டதாகச் சொல்லும் தங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு, அந்த வழக்கை ஏற்று நடத்த மனம் வரவில்லை. அந்த மின்னஞ்சலை எதிர்த்தரப்பினரே முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார்கள்.