வலப்பக்க வளைவில் வண்டித் தூண் மறைக்கும் சாலை

நாமக்கல்லிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "பழைய சிறிய காரை விற்றுவிட்டுப் புதிய எஸ்யூவி ஒன்று வாங்கினேன். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும்போது, வலப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில், காலியாகத் தெரிந்த சாலையில் திடீரென்று ஒரு பைக் எதிரே நின்றது. பழைய காரில் எனக்கு இப்படி நேர்ந்ததே இல்லை. இது வண்டியின் குறையா, என் குறையா? பக்கக் கண்ணாடியில் சிறிய வட்டக் கண்ணாடி வாங்கி ஒட்டினால் சரியாகுமா?"

அந்த பைக் திடீரென்று வரவில்லை. சில நொடிகளாகவே அது உங்கள் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே நிற்கும் தூணுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்திருக்கும். மோதலிலும் கவிழ்விலும் கூரையும் முன்பகுதியும் நசுங்காமல் காப்பதற்காக இந்தத் தூண்கள் முன்பைவிடத் தடிமனாக்கப்பட்டிருக்கின்றன. முன்கண்ணாடியும் மிகச் சாய்ந்துவிட்டதால் தூணும் சாய்ந்து உங்கள் பார்வைக்குக் குறுக்கே நீள்கிறது. உயிரைக் காக்கும் அமைப்பு என்பதால் இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குரிய விலையை ஓட்டுநர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐக்கிய நாடுகளின் 125ஆம் எண் வாகன ஒழுங்குமுறை, ஒவ்வொரு தூணும் ஓட்டுநரின் இரு கண்களிலிருந்தும் சேர்த்து மறைக்கும் கோணம் 6 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அந்த 6 பாகை, 20 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2 மீட்டர் அகலச் சாலையை விழுங்கிவிடும். எதிரே வரும் பைக்கின் அகலம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது.

நம் வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால், வலத்தூண் கண்ணுக்கு மிக அருகில் இருந்து அதிகம் மறைக்கிறது; இடத்தூண் தொலைவில் இருப்பதால் குறைவாகவே மறைக்கிறது. இதில் ஒரு விந்தை உண்டு. இடப்பக்க வளைவில் நாம் உள்விளிம்பில் செல்வதால் மலைப்பாறையே பார்வையை அடைத்துவிடும்; அது கண்ணுக்குத் தெரிந்த தடை என்பதால் யாரும் தாமாகவே வேகத்தைக் குறைப்பார்கள். வலப்பக்க வளைவில் வெளிவிளிம்பில் செல்வதால் சாலை நன்றாகத் திறந்து தெரிகிறது. அந்தத் துணிவோடு நாம் திரும்பும்போது, நாம் பார்க்க வேண்டிய திசையிலேயே தூண் வந்து நிற்கிறது. வண்டி திரும்பத் திரும்பத் தூணும் சேர்ந்தே திரும்புவதால், மறைவுப் பகுதியும் சாலையோடு கூடவே நகர்கிறது.

இதற்கு மருந்து தலையை அசைப்பதுதான். ஆனால் எந்தப் பக்கம் அசைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வலப்பக்கம் திரும்பும்போது உடலையும் வலமாக முன்னே சாய்ப்பது நம் இயல்பு. முன்னே சாய்ந்தால் தூண் பார்வையில் வலப்பக்கம் விலகும், வலமாகச் சாய்ந்தால் இடப்பக்கம் நகரும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். மாறாக, வளைவுக்குள் நுழையும் முன்பே தலையைச் சற்று முன்னும் இடமுமாகக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு திசையிலும் 10 சென்டிமீட்டர் அசைந்தாலே, தூண் மறைத்திருந்த பகுதி முழுவதும் முன்கண்ணாடி வழியே தெரிந்துவிடும். பிறகு நிமிர்ந்து, கதவுக் கண்ணாடி வழியாக வளைவின் அடுத்த பகுதியைப் பாருங்கள். ஸ்டீயரிங்கைச் சுழற்றிக்கொண்டிருக்கும் நடுவில் இதைத் தொடங்க வேண்டாம்.

தூணை மேலும் தடிக்க வைப்பவர் பெரும்பாலும் நாமே. அதன் அருகில் பொருத்திய மொபைல் ஹோல்டர், கதவுக் கண்ணாடியில் ஒட்டிய வெயில் திரை, டேஷ்போர்டின் வல ஓரத்தில் இருக்கும் சாமி சிலை எல்லாம் அந்த மறைவோடு சேர்ந்துகொள்ளும். சிலையை நடுவுக்கு மாற்றினால் சாமி கோபிக்க மாட்டார்.

வேகத்தைப் பொறுத்தவரை, குறுகிய மலைப்பாதையில் நீங்கள் காணும் தொலைவின் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும், ஏனெனில் மீதிப் பாதி எதிரே வருபவருக்கு உரியது. சமதளத்தில் உலர்ந்த சாலையில், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஆகும் ஒன்றரை நொடித் தாமதத்தையும் சேர்த்து, 30 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறத்தாழ 18 மீட்டரும் 40 கி.மீ. வேகத்தில் 27 மீட்டரும் தேவைப்படும். இறக்கத்தில் இன்னும் கூடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையில் ஏறுபவருக்கே முன்னுரிமை என்பது விதிதான் என்றாலும், இறங்கி வருபவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று அதற்குப் பொருளில்லை. ஆகவே வளைவுக்கு முன்பே ஹார்ன் அடியுங்கள். இரவில் விளக்கைத் தாழ்த்தி உயர்த்திக் காட்டுங்கள்.

வட்டக் கண்ணாடி பற்றிக் கேட்டீர்கள். பக்கக் கண்ணாடியில் ஒட்டும் அந்தக் குவிகண்ணாடி, பின்னால் பக்கவாட்டில் வரும் வண்டிகளைக் காட்டும். முன்தூண் மறைக்கும் பகுதியை அது காட்டாது. இந்தச் சிக்கலுக்காக அதை வாங்க வேண்டாம்.