ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன், பாதி வீடியோகூடப் பார்க்கவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் கணக்கு எழுதுகிறேன். ஆன்லைனில் பி.காம். இரண்டாம் வருடம். நினைத்த நேரத்தில் படிக்கலாம் என்றுதான் சேர்ந்தேன். படிப்பு திருப்தியா என்று கேட்டுப் படிவம் அனுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். ஆனால் காஸ்ட் அக்கவுண்டிங் வீடியோக்களில் பாதிகூட இன்னும் பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் கண் சொருகுகிறது. விட்டுவிடலாமா? இந்த டிகிரி அரசுத் தேர்வுக்குச் செல்லுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: விட வேண்டாம் சகோதரி. நீங்கள் போட்ட ஐந்தும் உண்மைதான். சம்பளத்தை இழக்காமல், ஹாஸ்டல் செலவில்லாமல் பட்டம் படிக்க வழி கிடைத்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் வசதி பிடித்திருப்பது வேறு, பாடம் மண்டையில் ஏறுவது வேறு.

இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டி 1971 முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பாடம் நடத்திவருகிறது. அங்கே 151 பாடங்களில் படித்த 1,11,256 பேரின் விவரங்களை அலசி 2016-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. படிக்கவும் பார்க்கவும் நிறைய வைத்திருந்த பாடங்களில் மாணவர்களுக்குத் திருப்தி அதிகம். ஆனால் அந்தத் திருப்திக்கும் தேறியதற்கும் தொடர்பு தென்படவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசிப் படிக்க நேரம் ஒதுக்கிய பாடங்களில்தான் கடைசிவரை நின்றவர்கள் அதிகம்.

எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. தொலைநிலைக் கல்வியில் பல வருடம் காமர்ஸ் எடுத்தவன் நான். சனி, ஞாயிறு தொடர்பு வகுப்புக்கு ஒரு கண்டக்டர் நைட் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடே வருவார். ஓவர்ஹெட், அதாவது பொதுச் செலவைப் பங்கு போடும் கணக்கு, அவருக்குப் பிடிபடவே இல்லை. மதியம் சாப்பிடும்போது கூடப் படிக்கும் பெண் ஒருவர் டிபன் பாக்ஸை நகர்த்தி வைத்துவிட்டு நோட்டைத் திறந்தார். "அண்ணே, டீசல் அந்தந்த பஸ்ஸுக்கு ஆகுற செலவு. டிப்போ மேனேஜர் சம்பளத்தை எந்த ரூட் கணக்குல எழுதுவீங்க?" அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "எல்லா ரூட்டுக்கும் பிரிக்கணும்" என்றார். அப்புறம் அந்தப் பாடத்தில் அவருக்குத் தடங்கலே இல்லை. உங்கள் பேக்கிங் பிரிவிலும் இதேதான்: அட்டைப்பெட்டிச் செலவு அந்த ஆர்டரிலேயே ஏறும், கட்டட வாடகையைப் பங்கு போட வேண்டும். இதை உங்களிடம் சொல்ல அந்த வீடியோவுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அது உங்கள் தப்பில்லை.

கெடு இல்லாததும் ஒரு காரணம். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்பைப் பாருங்கள். வீடியோவை நள்ளிரவில்கூடப் பார்க்கலாம். ஆனால் வாராவாரம் அசைன்மெண்டுக்குக் கடைசித் தேதி உண்டு. முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் அதுவரை முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். அந்த இறுக்கமும் தளர்வும் சேர்ந்திருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்களுக்குக் கெடு வைக்க ஆள் வேண்டும். அதே பாடம் படிக்கும் ஒருவரை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிடியுங்கள். ஞாயிறு காலை, தூக்கம் தெளிந்த நேரத்தில், போனில் இருவரும் சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஷிப்ட் முடிந்த இரவில் வீடியோவைத் தொடவே வேண்டாம். அடுத்த படிவம் வந்தால் மதிப்பெண்ணோடு நிறுத்தாமல், 'சந்தேகம் கேட்க வாரம் ஒரு நேரலை வகுப்பு வேண்டும்' என்று எழுதுங்கள். உங்களைப் போல எத்தனையோ பேர் இருப்பார்கள். ஐந்துக்கு ஐந்தைப் பார்த்தால் பல்கலைக்கழகத்துக்கு அது எப்படித் தெரியும்?

அரசுத் தேர்வு விஷயம்: அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. நீங்கள் சேர்ந்த ஆண்டில் அந்தப் பி.காம்.முக்கு அனுமதி இருந்ததா என்பதை மட்டும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.