வேலையை விடும் முன் பாகத்தைப் பிரியுங்கள்

கேள்வி: 13 வருடமாகக் கத்தாரில் இருக்கிறேன். வருகிற ஏப்ரலோடு முடித்துக்கொண்டு உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊருக்கே வந்து, அப்பாவின் 2 ஏக்கரில் வீடு கட்டி மாட்டுப்பண்ணை வைக்க ஆசை. அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவும் அண்ணனும் ஊரில், தங்கை சிங்கப்பூரில். மகன் ஏழாம் வகுப்பு. முதலில் எதைச் செய்வது? – வாசகர், தோஹா

பதில்: ராஜினாமா கொடுக்கும் முன் நிலத்தைப் பிரித்துவிடுங்கள். சேமிப்பையெல்லாம் போட்டு வீட்டை எழுப்பிய பிறகு பாகம் பேச உட்கார்ந்தால், அந்த வீடு யார் பங்கில் விழுகிறது என்பதே சண்டையாகிவிடும்.

அப்பா சுயமாக வாங்கிய நிலம் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் நால்வருக்கும் சமபங்கு. ‘நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சே’ என்ற பேச்சு செல்லாது. தங்கையிடம் நீங்களே முதலில் பேசுங்கள். ஆக, உங்கள் பங்கு 50 சென்ட். கலப்பின மாடு ஒன்றுக்கு நாளைக்கு 25 கிலோ பசுந்தீவனம் வேண்டும். வீட்டுக்கு இடம் போக, கிணற்றில் நாலில் ஒரு முறைத் தண்ணீரை வைத்து மூன்று, நான்கு மாட்டுக்கு மேல் எண்ணாதீர்கள்.

அப்பா கிரயம் வாங்கிய வருடத்துக்கும் முன்பிருந்து வில்லங்கச் சான்று போடுங்கள். பத்திரத்திலுள்ள சர்வே எண்ணையும் பரப்பையும் பட்டாவோடும் புலப்படத்தோடும் (நிலத்தின் அளவு வரைபடம்) ஒப்பிடுங்கள். 1980-களின் யுடிஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) அளவையில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிய நிலங்கள் உண்டு. இருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். இ-சேவையில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சர்வேயர் அளந்து கல் ஊன்றிய பிறகே பாகப்பிரிவினைப் பத்திரம். நான்கெல்லை எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, மோட்டார் ஓட்டும் முறை, மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை எத்தனை அடி, எல்லாம் பத்திரத்தில் ஏற வேண்டும். கிணறு ஒருவர் பாகத்திலும் பாதை இன்னொருவர் பாகத்திலும் விழுந்து, வாய்ப்பேச்சாக விட்டவைதான் பிறகு கோர்ட்டுக்குப் போகின்றன. பதிவானதும் உட்பிரிவுடன் பட்டா மாறுதல்.

தங்கை வர முடியாவிட்டால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பட்டும். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இத்தனையும் ஒரே விடுமுறையில் முடியாது. ஏப்ரல் தள்ளிப்போனால் போகட்டும்.

பணம்: நிரந்தரமாக வந்ததும் வங்கிக்குச் சொல்லி, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை உள்ளூர்க் கணக்காக மாற்றுங்கள். அன்றிலிருந்து அந்த டெபாசிட் வட்டிக்கு வரி உண்டு. வெளிநாட்டுப் பணமாகவே போட்டுவைத்த எஃப்சிஎன்ஆர் டெபாசிட் இருந்தால், அதை முதிர்வு வரை அப்படியே விடலாம். கத்தார் வங்கியில் மீதமிருக்கும் பணத்தின் வட்டிக்கு, திரும்பி வந்தவருக்குச் சிறிது காலம் கிடைக்கும் ‘சாதாரணமாகக் குடியிராதவர்’ என்ற வரி நிலை நீடிக்கும் வரை இங்கே வரியில்லை. அந்த நிலை எந்த நிதியாண்டு வரை என்பதை, நீங்கள் இந்தியாவில் தங்கிய நாட்களைப் பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து எண்ணி, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் விஷயத்தில் மட்டும் ரொம்பத் தள்ளிப்போட வழியில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவர் பெயரைப் பதிந்துவிடும். அதற்குள் இங்கே சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளியில் தமிழும் கட்டாயப் பாடம். எழுத்துக் கூட்டி வாசிக்க இப்போதே, அங்கேயே பழக்குங்கள்.