கேள்வி–பதில்: உயிரியல் பூங்காவில் கூட்டமும் கல்லாவும்

கேள்வி: குட்டி பிறந்தால் உயிரியல் பூங்காவில் கூட்டம் அலைமோதுகிறதே, அது நிலைக்குமா?

பதில்: குட்டி குட்டியாக இருக்கும் வரைதான். 2006 டிசம்பரில் பெர்லின் பூங்காவில் பிறந்த பனிக்கரடி க்னூட்டைத் தாய் ஒதுக்கிவிட்டதால் ஊழியர்களே புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். 2007 மார்ச்சில் மக்கள் முன் வந்தது; அந்த ஆண்டு வருகை ஏறக்குறைய 30 சதவீதம் கூடியது. க்னூட்டுக்கு ஆண்டு வாடகை கிடையாது. பாண்டா அப்படியல்ல. ஒரு ஜோடிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை சீனாவுக்கு வாடகையாகக் கட்டிய அமெரிக்கப் பூங்காக்கள் உண்டு. மூங்கிலும் குளிரூட்டிய கூடமும் தனிச் செலவு. கூட்டம் வடிந்த பிறகும் வாடகை வடியாது, கையைக் கடிக்கும்.

கேள்வி: நுழைவுக் கட்டணத்தை உயர்த்தினால் வருமானம் கூடாதா?

பதில்: டிக்கெட் கவுன்ட்டரை மட்டும் பார்த்தால் கூடும். மொத்த வரவு 100. அதில் டிக்கெட் 50, வண்டி நிறுத்தம், சாப்பாடு, பொம்மைக் கடை சேர்ந்து 50 என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை 20 சதவீதம் ஏற்றி, வருகை 10 சதவீதம் குறைந்தால் டிக்கெட் வரவு 54 ஆகும். உள்ளே ஆள் குறைந்ததால் மற்றது 45. ஆக 99! இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பூங்கா: நுழைவு இலவசம், சொத்து வரியில் ஒரு பங்கு வருகிறது, வண்டி நிறுத்தத்துக்கும் குட்டி ரயிலுக்கும் காசு. வரிப்பணம் இல்லாத பூங்கா இதைக் காப்பியடித்தால் திவால்தான்.

விலையைவிட, வந்தவர் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரத்தில் வெளியேறுபவர் தண்ணீர் பாட்டிலோடு போய்விடுவார். நான்கு மணி நேரம் இருப்பவருக்குப் பசிக்கும். நிழல், உட்கார இடம், சுத்தமான கழிப்பறை இம்மூன்றும் புதுப் புலியைவிட மலிவு. தீனி போடும் நேரங்களைப் பூங்காவின் எதிரெதிர் மூலைகளில் ஒரு மணி இடைவெளியில் வைத்தால் குடும்பம் நடந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: மழை நாளுக்கு வழி?

பதில்: மழையில் போன விடுமுறை ஞாயிறு திரும்ப வராது. ஆண்டுச் சீட்டை இரண்டு, மூன்று வருகைக் கட்டண அளவில், சீசனுக்கு முன்பே விற்றுவிடுங்கள்; மழைக்கு முன்பே பணம் கைக்கு வந்துவிடும். ஆனால் சீட்டுக்காரரின் பத்தாவது வருகையையும் புது வருகையையும் ஒன்றாக எண்ணாதீர்கள். தலை கூடும், கல்லா அசையாது.