தீபாவளித் தட்டுக்குத் தேங்காய் பிஸ்கட்: கேள்வியும் பதிலும்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் தீபாவளி நெருங்கினால் பல வீடுகளில் அவன் அடுப்பு (oven) அணைவதே இல்லை. வந்த கேள்விகளில் பாதி தேங்காய் பிஸ்கட் பற்றியவை. கீழே சொல்வதெல்லாம் இந்த அளவை வைத்துத்தான்: வெண்ணெய் 125 கிராம், காஸ்டர் சுகர் (நைசான சர்க்கரை) 100, கேக் ஃப்ளவர் (நைசான கோதுமை மாவு) 180, காய்ந்த தேங்காய்த்தூள் 80, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு மஞ்சள் கரு, ஒரு சிட்டிகை உப்பு. 15 கிராம் உருண்டைகளாக உருட்டினால் முப்பதுக்குச் சற்று மேல் வரும். 170 டிகிரி, 12 முதல் 15 நிமிடம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, உருண்டையா வைக்கிறேன், அப்பளமா வெளியே வருது. மாவு குறைச்சலா?

மாவை விடுங்கள், முதலில் வெண்ணெயைப் பாருங்கள். 32 டிகிரியைத் தாண்டினாலே அது உருக ஆரம்பிக்கும். நம் கடற்கரைப் பக்கம் வெயில் நாளில் அடுப்படியே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். அவனுக்குள் மாவு இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் வழிந்துவிடுகிறது. விரலால் அழுத்தினால் குழி விழவேண்டும், விரல் வழுக்கி உள்ளே போகக்கூடாது. அதுதான் பதம். சர்க்கரையோடு இரண்டு நிமிடம் அடித்தால் போதும். கேக்குக்கு அடிப்பதுபோல் வெளுத்துப் பொங்கும்வரை அடித்தால் பிஸ்கட் பரவும். உருட்டியதைத் தட்டோடு 30 நிமிடம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். அடுத்த ஈட்டைச் சூடான தட்டிலேயே அடுக்காதீர்கள். தட்டைக் குழாயடியில் காட்டி, ஆறவைத்துத் துடைத்துவிட்டு அடுக்குங்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சுடுவதற்கு முன் ஒன்றே ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். அது பரவினால் மீதி மாவில் ஒரு மேசைக்கரண்டி கேக் ஃப்ளவர் சேர்க்கலாம்.

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: டர்பன்ல அத்தை கொடுத்த அதே அளவுதான். இங்கே உப்பி, நடுவுல அமுங்கிடுது. ஓரம் வறண்டு போகுது.

அத்தை அளவில் குறையில்லை, ஊர் உயரத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே. காற்றழுத்தம் குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் விடும் வாயு அதிகமாக விரியும். தண்ணீரும் அங்கே 94 டிகிரிக்கே கொதித்து ஆவியாகிவிடும். பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூனாக்குங்கள். பால் ஒன்றிரண்டு டீஸ்பூன் சேருங்கள். சூட்டை 175 முதல் 180 வரை ஏற்றி, நேரத்தில் இரண்டு நிமிடம் குறையுங்கள்.

கடைத் தூள் வேண்டாம், பச்சைத் தேங்காய் துருவிப் போடலாமா?

அப்படியே போட்டால் பிஸ்கட் வராது, பணியாரம் மாதிரி மெத்தென்று வரும். துருவலில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். கடைத் தூளில் மூன்று சதவீதம்தான். 160 கிராம் துருவலைத் தட்டில் பரப்பி, 120 டிகிரியில் அரை மணி நேரம், நடுநடுவே கிளறிக் காயவையுங்கள். நிறம் மாறக்கூடாது. கையில் அள்ளினால் ஒட்டாமல் சலசலவென்று உதிரவேண்டும். எடை 80 கிராமுக்குப் பக்கத்தில் வந்தால் சரி. மணம் கடைத் தூளைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

முட்டை சேர்க்க மாட்டோம்.

மஞ்சள் கருவுக்குப் பதில் பால் இரண்டு மேசைக்கரண்டி. ஒரேயடியாக ஊற்றாமல் மாவு சேரும்வரை மட்டும் விடுங்கள்.

டர்பன் பக்கத்து டொங்காட்டிலிருந்து: முதல் நாள் மொறுமொறு, மறுநாள் நமத்துப் போகுது ஆன்ட்டி.

சூடாக டின்னில் போட்டிருப்பீர்கள். ஆவி உள்ளேயே தங்கிவிடும். கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் முழுசாக ஆறட்டும். அதற்காக ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிடாதீர்கள், கடல் காற்றின் ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். பிரவுன் சுகர் இன்னும் மோசம். நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் காட்டி ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். முறுக்கோடு ஒரே டின்னில் போடாதீர்கள், வாசம் ஏறும்.

மாவு உருட்டவே வரலை, உதிருது. ஒரு கப், அரை கப்னுதான் அளக்கிறேன்.

கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் அமுங்கி, ஒரு கப்புக்கு 20, 30 கிராம் கூடிப்போகும். தராசு வாங்குங்கள், அதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. அதோடு, காய்ந்த தேங்காய் ஈரத்தைக் குடிக்கும். பிசைந்தபின் 15 நிமிடம் மூடி வைத்துவிட்டு, அப்போதும் உதிர்ந்தால் மட்டும் ஒரு டீஸ்பூன் பால்.

அடி கருகுது, மேலே வெள்ளையாவே இருக்கு.

அவனின் நடு அடுக்கில் வையுங்கள். கறுப்புத் தட்டு சூட்டை அதிகம் இழுக்கும். அடியில் இன்னொரு தட்டு கொடுங்கள். ஃபேன் அவன் என்றால் 150 போதும். மேலே சிவக்கக் காத்திருக்காதீர்கள், ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். அப்போது தொட்டால் மெத்தென்றிருக்கும், ஆறினால் இறுகும்.

வெண்ணெய்க்குப் பதில் மார்ஜரின்?

கட்டியாக வரும் பிரிக் மார்ஜரின் என்றால் சரி. டப்பாவில் வரும் மெதுவானதில் தண்ணீர் அதிகம், வேண்டாம்.

போன வருஷத் தேங்காய்த்தூள் ஒரு பாக்கெட் இருக்கு.

முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடையோ சோப்பு வாடையோ அடித்தால் வறுத்தாலும் போகாது, கொட்டிவிடுங்கள். புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் மீதியை ஃப்ரீசரில் வையுங்கள்.